இரண்டு விரல்களால் தட்டச்சு செய்பவர் கணினி வேலையில் பின்தங்கிவிடுவாரா?

நீங்கள் கேட்டிருப்பதை ஒருமுறை என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். இன்னும் இரண்டு மாதங்களில் ஓர் அலுவலக வேலையில் சேரப்போகிறீர்கள்; நாள் முழுவதும் கணினியின் முன்தான் வேலை. இப்போது இரண்டு ஆள்காட்டி விரல்களால், விசைகளைப் பார்த்துப் பார்த்து, நிமிடத்துக்கு ஏறத்தாழ 25 சொற்கள் தட்டுகிறீர்கள். பத்து விரல்களையும் பழக்கிக்கொள்ளாவிட்டால் பின்தங்கிவிடுவீர்கள் என்று ஒரு நண்பர் சொல்கிறார். பேசினால் எழுதித்தரும் மென்பொருள்கள் வந்துவிட்ட காலத்தில் அது வீண்வேலை என்று இன்னொருவர் சொல்கிறார். இருவரில் யாரை நம்புவது என்பது கேள்வி. கேள்வியின் வாசகம் வேகத்தைப் பற்றியதாக இருந்தாலும், மெதுவாகத் தட்டுவதால் வேலையின் தரம் கெடுமா என்பதைத்தான் நீங்கள் அறிய விரும்புகிறீர்கள் என்று புரிந்துகொள்கிறேன்.

நான் சில ஆண்டுகள் தட்டச்சுப் பயிற்றுநராக இருந்தேன். பிறகு நீண்ட காலம் ஆவணப் பதிவுப் பிரிவு ஒன்றை மேற்பார்த்தேன். இப்போது புதிதாகச் சேர்பவர்களுக்கு அலுவலக மென்பொருள்களில் பயிற்சி தருகிறேன். தட்டச்சைக் கற்றுக்கொடுத்துப் பிழைத்தவன் அதை உயர்த்திப் பேசுவது இயல்பு என்பதால், நான் சொல்வதை அந்த அளவுக்குக் கழித்துக்கொண்டே படியுங்கள்.

முதலில் அளவுகோலைத் தெளிவாக்கிக்கொள்வோம். தட்டச்சுத் தேர்வுகளில் 'ஒரு சொல்' என்பது இடைவெளியையும் சேர்த்து ஐந்து விசைத்தட்டல்கள். ஆகவே உங்கள் 25 சொற்கள் என்பது நிமிடத்துக்கு 125 தட்டல்கள். பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகமும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், இணையத்தில் தட்டச்சுத் தேர்வு எழுதிய 1,68,000 பேரின் 13 கோடியே 60 இலட்சம் தட்டல்கள் பதிவாகியிருந்தன. அவர்களுடைய சராசரி வேகம் நிமிடத்துக்கு 52 சொற்கள். அவர்கள் தாமாகவே முன்வந்து தேர்வு எழுதியவர்கள், தட்டச்சில் ஆர்வமுள்ளவர்கள். எல்லா அலுவலகங்களிலும் எல்லோரும் 52 சொற்கள் தட்டுகிறார்கள் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. ஆயினும் நீங்கள் நடுத்தர வேகத்துக்குக் கீழே இருக்கிறீர்கள் என்பதில் ஐயமில்லை.

இனி அந்தக் குறைவு ஒரு நாளில் எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளில் மின்னஞ்சல், அறிக்கை, குறிப்பு எல்லாம் சேர்த்து 2,000 சொற்கள் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதுவே கணிசமான அளவுதான். நிமிடத்துக்கு 25 சொற்கள் என்றால் விரல்கள் மட்டும் 80 நிமிடம் உழைக்கவேண்டும். வேகம் 50 ஆனால் 40 நிமிடம் போதும். அதையும் இரட்டித்து 100 ஆக்கினால் 20 நிமிடம். முதல் இரட்டிப்பில் 40 நிமிடம் மிச்சமாகிறது, அடுத்த இரட்டிப்பில் 20 நிமிடம்தான் மிச்சம். முதல் இரட்டிப்புக்குச் சில மாதப் பயிற்சி போதும் என்பதையும், இரண்டாவதைப் பலரால் எட்டவே முடிவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்பது ஓரளவு விளங்கிவிடும். என் பயிற்சி வகுப்புகளில் 40-ஐத் தாண்டியவர்களிடம், இனி வேகத்தை மறந்துவிட்டு வேறு எதையாவது கற்றுக்கொள்ளுங்கள் என்றே சொல்லியிருக்கிறேன்.

இந்தக் கணக்கில் ஒரு குறை உண்டு. எழுதவேண்டிய சொற்கள் எல்லாம் தயாராக இருக்கின்றன, விரல்கள்தான் தாமதம் என்று அது எடுத்துக்கொள்கிறது. உண்மையில் வேலைகள் இரண்டு வகைப்படும். ஒன்றில் சொற்கள் வெளியிலிருந்து வந்து உங்களுக்காகக் காத்திருக்கும்; மற்றொன்றில் நீங்கள் சொற்களுக்காகக் காத்திருப்பீர்கள். கையெழுத்துப் படிவங்களைக் கணினியில் ஏற்றுதல், ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுதல், கூட்டம் நடக்கும்போதே குறிப்பெடுத்தல், வாடிக்கையாளர்கள் மூன்று நான்கு பேருடன் ஒரே நேரத்தில் எழுத்துவழி உரையாடுதல் ஆகியவை முதல் வகை. இவற்றில் வேகமே உற்பத்தி. மெதுவாகத் தட்டுபவர் எவ்வளவு அறிவாளியாக இருந்தாலும் குவியல் வளர்ந்துகொண்டே போகும். இவ்வகையின் உச்சியில் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர்கள் இருக்கிறார்கள்: அமெரிக்காவில் அவர்களுக்கான தேசியச் சான்றிதழுக்கு நிமிடத்துக்கு 225 சொற்கள் வரை எடுத்துக் காட்டவேண்டும். சாதாரண விசைப்பலகையில் அது நடக்கிற காரியமில்லை என்பதால், பல விசைகளை ஒரே சமயத்தில் அழுத்தி ஓர் அசையையோ ஒரு சொல்லையோ பதிக்கும் தனி இயந்திரத்தை அவர்கள் பயன்படுத்துகிறார்கள்.

இரண்டாவது வகையில் நிரலாளர், பகுப்பாய்வாளர், வடிவமைப்பாளர், திட்ட அறிக்கை எழுதுபவர் முதலியோர் வருவார்கள். நிரலாளர் எழுதும் நேரத்தைவிட, ஏற்கெனவே எழுதப்பட்ட நிரலைப் படிக்கும் நேரமும், ஏன் ஓடவில்லை என்று திரையை வெறித்துப் பார்க்கும் நேரமும் அதிகம். இரண்டு விரல்களால் தட்டிக்கொண்டே மிகச் சிறந்த நிரல் எழுதியவரோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். அவருடைய வேகத்தை யாரும் அளந்ததில்லை, அளக்க வேண்டிய தேவையும் வந்ததில்லை. நீங்கள் சேரப்போகும் வேலை இவ்விரண்டில் எதற்கு அருகில் இருக்கிறது என்பதை நேர்முகத்தில் பேசியவரிடமோ அங்கே ஏற்கெனவே இருப்பவரிடமோ கேட்டு அறிந்துகொள்ளுங்கள். 'அலுவலக வேலை' என்ற பெயர் இரண்டையும் மூடி மறைக்கிறது.

எண்களைப் பதிக்கும் வேலையைத் தனியே சொல்லவேண்டும், ஏனென்றால் அங்கே நிலவரம் வேறு. அங்கே மணிக்கு எத்தனை தட்டல்கள் என்று கணக்கிடுவார்கள். மணிக்கு 10,000 தட்டல்கள் என்று கேட்டால் மிரட்சியாக இருக்கும். அறுபதால் வகுத்து, மீண்டும் ஐந்தால் வகுத்தால் அது நிமிடத்துக்கு 33 சொற்கள்தான். கடினம் வேகத்தில் இல்லை, அதே வேகத்தை மணிக்கணக்காகப் பிழையின்றி நீட்டிப்பதில் இருக்கிறது. எழுத்தில் பிழை நேர்ந்தால் சொல் கோணலாகிக் கண்ணில் படும். எண்ணில் நேர்ந்தால் தவறான எண்ணும் ஒரு முறையான எண்ணாகவே நிற்கும். 2005 டிசம்பர் 8 அன்று டோக்கியோ பங்குச்சந்தையில், ஜே-காம் என்ற நிறுவனத்தின் 1 பங்கை 6,10,000 யென்னுக்கு விற்பதற்குப் பதிலாக 6,10,000 பங்குகளைத் தலா 1 யென்னுக்கு விற்பதாக மிசுஹோ செக்யூரிட்டீஸ் என்ற பங்குத்தரகு நிறுவனம் பதிந்துவிட்டது. ஏறத்தாழ 4,000 கோடி யென் நட்டம். திரையில் எச்சரிக்கை தோன்றியும் அதைக் கடந்து போயிருக்கிறார்கள். விரல் வேகம் கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் அந்தத் தவறு நேர்ந்திருக்கும்; பதிந்ததைத் திரும்பப் பார்க்கும் பழக்கம்தான் அதைத் தடுத்திருக்கும். நான் மேற்பார்த்த பிரிவில் முக்கியமான படிவங்களை இருவர் தனித்தனியே பதிவார்கள், வேறுபடும் இடத்தை மட்டும் மூன்றாமவர் பார்ப்பார். அந்த ஏற்பாடு, எங்களிடம் இருந்த மிக வேகமான பதிவாளரைவிடப் பயனுள்ளதாக இருந்தது.

இப்போது நான் உறுதியாகச் சொல்லக்கூடிய இடத்துக்கு வருகிறேன்: தட்டச்சுத் திறனின் மதிப்பு, அது மனத்தை எவ்வளவு விடுவிக்கிறது என்பதில் இருக்கிறது. இரண்டு விரல்களால் தட்டும் புதியவரின் கண் மூலத்தாளைப் பார்க்கும், விசைப்பலகையைப் பார்க்கும், திரையைப் பார்க்கும், மீண்டும் தாளுக்குத் திரும்பும். திரும்பும்போது ஒரு வரி தவறிப்போகும். படிவப் பதிவில் நான் கண்ட பிழைகளில் விசை மாறி விழுந்தவற்றைவிட இப்படி வரி தவறியவை மோசமானவை, ஏனெனில் எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருளுக்கு அவை அகப்படுவதில்லை. சொந்தமாக எழுதும்போதும் இதே கதைதான்: வாக்கியம் மனத்தில் முழுதாக உருவாகியிருக்கும், 'கியூ' எங்கே என்று தேடுவதற்குள் அதன் பின்பாதி நழுவிவிடும்.

தேர்ந்த தட்டச்சாளரிடம் இந்த வேலை மனத்தின் கீழ்த்தளத்துக்கு இறங்கிவிடுகிறது என்பதற்குச் சுவையான சான்றுகள் உண்டு. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோகனும் கிரம்பும் 2010-இல் செய்த சோதனையில், தட்டச்சாளர் அறியாமல் அவருடைய பிழைகளைத் திரையில் திருத்தினார்கள், சரியாகத் தட்டிய சொற்களில் பிழைகளைப் புகுத்தினார்கள். தட்டச்சாளர்கள் திரையில் தெரிந்ததையே நம்பினார்கள். புகுத்திய பிழைகளைத் தம் பிழைகள் என்று ஏற்றுக்கொண்டார்கள். விரல்களோ ஏமாறவில்லை: உண்மையாகவே பிழை செய்த இடங்களில் மட்டும் அவை தயங்கின. அதே பல்கலைக்கழகம் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், நிமிடத்துக்குச் சராசரியாக 72 சொற்கள் தட்டியவர்களிடம் வெற்று விசைப்பலகைப் படம் ஒன்றைக் கொடுத்து எழுத்துகளை இடத்தில் பொருத்தச் சொன்னபோது, அவர்களால் சராசரியாக 15 எழுத்துகளைத்தான் சரியாகப் பொருத்த முடிந்தது. எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று நினைவுக்குக் கொண்டுவராமலே தட்டுகிறார்கள் என்று பொருள். மிச்சமாகும் கவனம் முழுவதும் எழுதப்படும் விஷயத்துக்குப் போகிறது. நீங்கள் அடைய வேண்டிய நிலை இதுதான். அது 40 சொற்களில் வந்தாலும் போதும், 80 சொற்களில் வந்தாலும் நன்று.

பத்து விரல்களும் கட்டாயமா என்பது ஐயத்துக்குரிய பகுதி. தட்டச்சுப் பயிற்றுநராக இருந்த காலத்தில் நான் எள்ளளவும் ஐயப்படாத ஒன்று இது. இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். ஆல்ட்டோவில் 2016-இல் 30 பேரின் விரலசைவைக் கேமராக்களால் துல்லியமாகப் பதிந்து பார்த்தபோது, முறைப்படி கற்றவர்களுக்கு இணையான வேகத்தில் தாமாகப் பழகிக்கொண்டவர்கள் சிலரும் தட்டினார்கள். ஒரே எழுத்தை எப்போதும் ஒரே விரலால் அழுத்துவதும், அடுத்த எழுத்துக்குக் கையை முன்கூட்டியே நகர்த்திவைப்பதும்தான் வேகத்தோடு இணைந்திருந்தன. 2018 ஆய்விலும் பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வேகத்தில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. முறைப்படி கற்றவர்கள் விசைப்பலகையைப் பார்ப்பது குறைவு என்பது மட்டும் 2016 ஆய்வில் தெளிவாகத் தெரிந்தது. பழைய வரலாறும் ஏறத்தாழ இதையே சொல்கிறது: 1888 ஜூலை 25 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டியில் நடந்த புகழ்பெற்ற தட்டச்சுப் போட்டியில் ஃபிராங்க் மெக்கரின் வென்றபோது, அவர் விசைகளைப் பார்க்காமல் தட்டினார் என்பதே ஊரெல்லாம் பேச்சானது. ஆகவே ஆறு விரல்களா பத்து விரல்களா என்று நான் சண்டைபோடமாட்டேன். கண் திரையில் நிற்கவேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவும் மாட்டேன். புதிதாகக் கற்பவருக்குப் பத்து விரல் முறையைச் சொல்லித்தருவதற்குக் காரணம், பார்க்காமல் தட்டும் நிலைக்கு அதுவே நன்கு அறியப்பட்ட பாதை என்பதுதான்.

விசை அமைப்பை மாற்றினால் வேகம் கூடுமா என்றும் சிலர் கேட்பார்கள். 1936-இல் காப்புரிமை பெற்ற துவோராக் அமைப்பு, வழக்கமான விசைப்பலகைகளில் உள்ள குவெர்ட்டி அமைப்பைவிட மேலானது என்ற பேச்சு நெடுநாளாக இருக்கிறது. அதற்கு ஆதரவான பழைய சோதனைகளின் நடுநிலை குறித்துக் கடுமையான விமர்சனங்களும் இருக்கின்றன. அலுவலகத்தில் பல கணினிகளில் உட்கார வேண்டியவருக்கு அது தேவையற்ற தலைவலி என்பது என் கருத்து. தமிழில் நிறைய எழுத வேண்டியிருந்தால் மட்டும் அமைப்பைப் பற்றி யோசியுங்கள். ஆங்கில எழுத்துகளால் ஒலிப்படி தட்டும் ஒலிபெயர்ப்பு முறையில் ஒரு தமிழ் எழுத்துக்கு மூன்று நான்கு தட்டல்கள்கூட ஆகிவிடும். தமிழுக்கென்றே வகுத்த தமிழ் 99 விசை அமைப்பிலோ உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் இருப்பதால் தட்டல்களும் குறையும், கைகள் மாறிமாறி இயங்கும்.

உங்கள் இரண்டாவது நண்பர் சொன்ன குரல்வழி எழுத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி உண்மை. இயல்பாகப் பேசும்போது நிமிடத்துக்கு 120 முதல் 150 சொற்கள் வரை சொல்லிவிடுகிறோம். எந்தச் சாதாரணத் தட்டச்சும் அதை எட்டாது. நீண்ட மின்னஞ்சலின் முதல் வரைவையோ, மருத்துவரின் குறிப்பையோ பேசி முடித்துவிடலாம். ஆனால் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் சம்பளப் பட்டியலை உரக்கப் படித்துப் பதிய முடியாது. பெயர்கள், குறியீட்டெண்கள், சூத்திரங்கள் ஆகியவற்றைப் பேசிப் பதிவது சொல்லித் திருத்தி, மறுபடி சொல்லி அலுத்துப்போகும் வேலை. எழுதியதைத் திருத்துவதுதான் அலுவலக எழுத்தின் பெரும்பகுதி, அதற்கு விசைப்பலகையே இன்றும் வசதி. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் முழுப் பத்தியையும் எழுதித்தரும்போதும், என்ன வேண்டும் என்று விளக்கி எழுதுவதும் வந்ததைச் சரிபார்த்து மாற்றுவதும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. இந்தக் கருவிகளால் தட்டவேண்டிய சொற்களின் எண்ணிக்கை குறையும் என்று நம்புகிறேன். எந்த அளவுக்கு என்று இப்போது அடித்துச் சொல்வது ஜோசியம்.

வேகத்தைப் பற்றிய பேச்சில் எப்போதும் விடுபட்டுப்போவது எழுத்தல்லாத விசைகள். சொல் சொல்லாக நகர்வது, ஒரு வரியை முழுதாகத் தெரிவுசெய்வது, ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவது, விரிதாளில் கட்டம் கட்டமாகப் போவது ஆகியவற்றை மவுஸைத் தொடாமல் செய்பவர், உங்களைப் போல 25 சொற்கள் தட்டுபவராக இருந்தாலும் பார்ப்பவர் கண்ணுக்கு வேகமானவராகவே தெரிவார். இவற்றில் 15 குறுக்குவிசைகளைக் கற்க ஒரு வாரம் போதும். உங்களைப் பிறர் எப்படி எடைபோடுவார்கள் என்ற கவலை உங்கள் கேள்வியில் தொனித்தது. திரையைப் பகிர்ந்துகொண்டு வேலை செய்யும் கூட்டங்களில், கடவுச்சொல்லை நான்கு முறை தவறாக அடிப்பவரையும் ஒவ்வொரு மெனுவாகத் திறந்து தேடுபவரையும் பார்த்து மற்றவர்கள் பொறுமை இழப்பதைக் கண்டிருக்கிறேன். அது நியாயமான மதிப்பீடு என்று சொல்லமாட்டேன், ஆனால் நடக்கிறது.

கற்பதென்று முடிவுசெய்தால், எஃப், ஜே விசைகளின் மேல் விரலுக்குத் தட்டுப்படும் சிறு மேடுகளில் தொடங்குங்கள். ஆள்காட்டி விரல்கள் குடியிருக்கும் இடம் அவை, பார்க்காமலே கை வீடு திரும்புவதற்காக வைக்கப்பட்ட அடையாளம். நாளுக்கு 20 நிமிடம் போதும். ஞாயிறன்று மூன்று மணி நேரம் உட்காருவதைவிட அது பல மடங்கு நல்லது. வேகத்தைப் பார்க்காமல் பிழையைப் பாருங்கள்: தவறான தட்டல், அதை அழிக்கும் தட்டல், சரியான தட்டல் என்று ஒரு பிழைக்கு மூன்று தட்டல்களும், அதைக் கவனித்த தடுமாற்றமும் செலவாகின்றன. 97 விழுக்காடு சரியாக வரும்வரை மெதுவாகவே தட்டும் மாணவர்கள், முதல் நாளிலிருந்தே விரட்டியவர்களை இரண்டாம் மாதத்தில் முந்துவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். மணிக்கட்டு வலி பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். கையை அந்தரத்தில் வளைத்துப் பிடிக்காமல், இடையிடையே எழுந்து நடக்கச் சொல்வேன், வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் அனுப்புவேன், அதற்கு மேல் சொல்லும் தகுதி எனக்கில்லை.

புதிய முறைக்கு மாறும் முதல் இரண்டு மூன்று வாரங்களில் உங்கள் 25 சொற்கள் 10 அல்லது 12-ஆக இறங்கிவிடும். பாதியில் கைவிட்டவர்களில் பெரும்பாலோர் இந்தப் பள்ளத்தில்தான் கைவிட்டார்கள். அவர்களிலும் பலர் வேலையில் சேர்ந்த பிறகு, மேலதிகாரி காத்திருக்கும்போது மாற முயன்றவர்கள். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அந்தப் பள்ளம் வேலைக்குச் சேருவதற்கு முன்பே வந்துபோகும்படி இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.